கையோடு வரும் தோட்டம்

பிஜித் தீவின் நகாசியில், அந்தத் தெருவில் ஊர்மிளாவைத் தெரியாத பெண்பிள்ளை ஒருத்தி இருந்தால், அவள் கீரையைக் காசு கொடுத்து வாங்குகிறவளாகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் ஊர்மிளாவிடம் பாடம் கேட்டவர்கள். இத்தனைக்கும் அவள் வீட்டு வளவில் ஒரு கைப்பிடி மண் கிடையாது. வேலியிலிருந்து வேலி வரைக்கும் கான்கிரீட்.

கான்கிரீட் போட்ட புண்ணியவான் அவள் புருஷனின் அண்ணன் மகேந்திரா. பள்ளிக்கூட வாத்தியார். இரண்டாயிரமாவது வருஷம் தலைநகர் சூவாவில் கலவரம் நடந்து, கடைகள் எரிந்து, பார்லிமெண்டுக்குள் துப்பாக்கி நுழைந்ததும், அவர் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனுக்குக் குடிபோகப் பேப்பர் போட்டுவிட்டார். ஆளில்லாத வீட்டில் புல் முளைத்தால் திருடனுக்குத் தெரிந்துவிடும் என்று வளவு முழுவதும் கலவையை ஊற்றினார். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி வைத்தார். இத்தனையும் செய்து முடித்த பிறகுதான் தீவின் மேற்கே தவுவாவில் தனக்கு ஒரு தம்பி இருக்கிற ஞாபகம் வந்தது. தம்பி அப்பாசாமிக்கும் அதே வருஷம் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்திருந்தது. வாடகை வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டு இருங்கள் என்று சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

பத்து ஏக்கர் கரும்பு பார்த்தவளுக்கு இங்கே கால் வைத்த இடமெல்லாம் கல். முதல் மாதம் முழுக்க ஊர்மிளா வாசற்படியில் உட்கார்ந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாதம் பெயிண்ட் வாளி சேர்க்க ஆரம்பித்தாள்.

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வாளியின் அடியில் ஐந்து ஓட்டை. ரேவா ஆற்றங்கரை வண்டல் பாதி, மரத்தூளும் கோழிக் குப்பையும் பாதி. அடியில் நாலு மீன் தலை. இதுதான் அவள் சாஸ்திரம். அரிசிச் சாக்கில் மரவள்ளி வைத்தாள். செத்துப்போன வாஷிங் மெஷின் தொட்டியில் சௌரையா என்கிற தண்டுக்கீரை விதைத்தாள். கார் டயரில் கத்திரிக்காய், ஐஸ்கிரீம் டப்பாவில் கொத்தமல்லி. திருடனுக்காகப் போட்ட ஜன்னல் கம்பியில் பயற்றங்காய்க் கொடி ஏறி, முழம் முழமாகக் காய் தொங்கியது. மகேந்திரா வாத்தியார் வைத்த கம்பிக்கு அந்த ஒரு வேலைதான் கிடைத்தது.

ஆறு மணிக்கு அவளுக்குத் துணித் தொழிற்சாலை பஸ். அப்பாசாமி மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு வீட்டுப் புல் வெட்டப் போவான். மகள் ஷிவானி முதலில் பள்ளிக்கூடம், பிறகு சூவாவில் மருந்துக் கடை. யாருக்கும் நேரம் கிடையாது. அதனால் ஊர்மிளா ஒரு சட்டம் வைத்திருந்தாள். காலையில் சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு வெளியே வருவாள். அது வேகிற நேரம்தான் தோட்டத்துக்கு. சோறு வெந்தால் தோட்ட வேலை முடிந்தது.

"அதுக்கு மேல ஒரு நிமிசம் கேக்கற செடி எனக்கு வேணாம்" என்பாள். "புருசனே அவ்ளோ நேரம் கேக்கறதில்ல."

தெருப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார்கள். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். எல்லோரும் வாளியோடு வந்து, ஓட்டை போட்டுக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அவள் கடைசியாகக் காட்டுவது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மூலையில் நின்ற கறிவேப்பிலை. பெரிய வெள்ளை வாளி, அதிலிருந்து கூரை வரைக்கும் வளர்ந்த மரம். கை நிறைய ஒடித்துக் கொடுப்பாள்.

"பாத்துக்கோங்க. கல்லு மேல வாளி, வாளியில மரம். நெலம் இல்ல, நெலம் இல்லன்னு அழுவாதீங்க. நாளைக்கே இடத்த காலி பண்ணுன்னு சொன்னா, தூக்கினு போய்க்கினே இருக்கலாம்."

பக்கத்து வீட்டு ஸைராவுக்கு மட்டும் அது கைகூடவில்லை. ஸைராவின் புருஷன் மஜீத் தச்சன், நல்ல ஜனங்கள். ஸைரா பேசுவது பிஜி ஹிந்தி, நாம் நம் பாஷையில் சொல்லிக்கொள்வோம். அவள் மூன்று முறை கறிவேப்பிலை வைத்தாள். மூன்றும் ஒரு முழம் வளர்ந்து, மஞ்சள் பூத்து, உதிர்ந்து போயின. மூன்றாவது செடி செத்த அன்றைக்கு வாளியோடு வேலிக்கு வந்து நின்றாள்.

"தீதி, நீ சொன்னபடிதான் செஞ்சேன். மீன் தலை போட்டேன். புளிச்ச மோர் ஊத்தினேன். எறும்புதான் வந்துச்சி."

"மோர்ல தண்ணி கலந்தியா?"

"கலந்தேன்."

"வெயில்ல வெச்சியா?"

"உன் மரத்துக்கு நேரா வேலிக்கு இந்தப் பக்கம்தானே வெச்சேன். அங்க அடிக்கிற வெயில்தானே இங்கயும்?"

ஊர்மிளா வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்குக் கைராசி இல்ல, ஸைரா. சிலருக்கு அப்படித்தான். நீ கீரையே போடு" என்றாள்.

ஸைராவின் முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்குப் பிள்ளையும் இல்லை. கைராசி இல்லை என்கிற சொல் அவளுக்கு எங்கெல்லாம் போய்க் குத்தும் என்று ஊர்மிளாவுக்கு அப்போது தோன்றவில்லை. பின்னால் ஏணியில் நின்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்த மஜீத் மட்டும் ரொம்ப நேரம் இருமினான்.

தூக்கிக்கொண்டு போகிற தோட்டம் என்பது ஊர்மிளாவுக்கு விளையாட்டுப் பேச்சு இல்லை. அது அவள் போட்ட சபதம்.

ஷிவானி முதல் கலவரத்து வருஷத்துப் பிள்ளை, எண்பத்தேழில் பிறந்தவள். அவளுக்குப் பின்னால் ஒரு பையன் பிறந்தான். ரோனித் என்று பேர் வைத்தார்கள். ஏழாம் மாதம் அவனுக்குக் காய்ச்சல் கண்ட அன்றைக்கு ஆறு பாலத்துக்கு மேலே போனது. அப்பாசாமி பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு கரையிலேயே விடிய விடிய நின்றான். தண்ணீர் வடிந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக அவசியம் இருக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். கரும்புக் காட்டின் ஓரத்தில் புதைத்தார்கள். வருஷா வருஷம் உழுகிற நிலம், அடையாளம் இல்லாவிட்டால் ஏர் மேலே போய்விடும் என்று அப்பாசாமி அதன் தலைமாட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டான். அது மரமாயிற்று. ஊர்மிளா களை எடுக்கப் போகும்போது அதன் நிழலில்தான் சோறு தின்பாள். அந்த மரத்து இலையை மட்டும் குழம்பில் போட மாட்டாள்.

குத்தகை முடிந்தது. நிலத்துக்காரர்கள் மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் நிலம், அவர்கள் பிள்ளைகளுக்கும் வயிறு இருக்கிறது. காகிதம் கொண்டுவந்த கிழவர் அப்பாசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெட்டுக்கு நின்ற கரும்பை அப்படியே விட்டுவிட்டு, தட்டுமுட்டுச் சாமானைக் கெரியர் வண்டியில் ஏற்றினார்கள். டிரைவர் கதவைச் சாத்திவிட்டு, "எல்லாம் ஏறியாச்சா?" என்று கேட்டான். அப்பாசாமி கரும்புக் காட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊர்மிளாதான், "ஏறியாச்சி" என்றாள். சொன்ன மாத்திரத்தில் அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. அவள் மடியில் ஒரு பால் டின் இருந்தது. அந்த மரத்தின் வேரில் முளைத்த கன்று ஒன்று அதில் இருந்தது.

அடுத்த வருஷம் தவுவாவிலிருந்து வந்த பொன்சாமி மாமா, அந்த ஓரத்தையெல்லாம் எரித்து மாட்டுக்கு வேலி போட்டுவிட்டார்கள், மரம் இல்லை என்று சொன்னார். ஊர்மிளா அன்றைக்கு அழவில்லை. அடுப்படியில் நின்று புருஷனிடம் சொன்னாள்:

"இன்னொருத்தன் மண்ணுல இனிமே நான் எதையும் வெக்க மாட்டேன். என் கையால தூக்க முடியாதது எதுவும் எனக்கு வேணாம். கேட்டுக்கோங்க."

அப்பாசாமி கேட்டுக்கொண்டான். ஆனால் அவன் உழவுக்காரன். வாளியில் நின்ற அந்தக் கன்று முதல் இரண்டு வருஷம் ஒரு முழத்துக்கு மேல் ஏறவில்லை. இலை மஞ்சளாகும், உதிரும். மேற்குப் பக்கம் வெயில் தின்ற செடி, இந்தக் கிழக்கு மழையில் வேர் அழுகி நின்றது. அவன் புல் வெட்டிவிட்டு வந்து அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துகொள்வான்.

"ஊர்மிளா, ஒரே ஒரு எடத்துல கான்கிரீட்ட ஒடச்சி இத நட்டுடலாமா? அண்ணனுக்கு நான் சொல்லிக்கறேன்."

"வேணாம்."

"செத்துடும் போல இருக்குதே."

"மோர் ஊத்தறேன். பொழைக்கும்."

"வாளியில எம்மா நாளு இருக்கும்? அதுக்கும் கால நீட்டணும்னு இருக்காதா?"

"நட்டுட்டு? நாளைக்கு உங்க அண்ணன் வூட்ட வித்துட்டா? மறுபடியும் நான் வண்டியில ஒக்காந்துகினு திரும்பித் திரும்பிப் பாக்கணுமா? ஒரு தடவ பாத்தேன், போதும். அந்தப் பேச்ச வுடுங்க."

அவன் விட்டுவிட்டான். மூன்றாம் வருஷம் கன்று பிழைத்துக்கொண்டது. பிழைத்தது மட்டுமா, தை மாதத்தில் துளிர்விட்டு, மழைக்காலத்துக்குள் ஜன்னலைத் தாண்டியது. ஊர்மிளாவுக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. மோர்தான் என்றாள். மீன் தலைதான் என்றாள். மண் இல்லாமல் பிழைக்கலாம், பிழைத்துக் காட்டலாம் என்று அந்த மரத்தைக் காட்டித்தான் தெருவுக்கே சொன்னாள். தனக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டாள்.

மற்ற வாளிகளை வெயிலுக்குத் தக்கபடி அவள் இடம் மாற்றுவாள். அதை மட்டும் தொட அப்பாசாமி விட மாட்டான். "அது பாரம், இடுப்பு போயிடும்" என்பான். ஒரு தடவை புயல் எச்சரிக்கை வந்தபோது எல்லா வாளியும் வீட்டுக்குள் வந்தன. கட்டிலுக்கு அடியில்கூடக் கத்திரிச்செடி. கறிவேப்பிலையை மட்டும் அவன் தொட்டிக் காலோடு கயிற்றால் கட்டிவிட்டு வந்தான். காற்றில் தொட்டியின் மூடி பறந்து போயிற்று. மரம் அசையவில்லை. அதற்கும் மோரைத்தான் சொன்னாள்.

போன வருஷம் புல்லில் கிடந்த கண்ணாடித் துண்டு அப்பாசாமியின் பூட்ஸைக் கிழித்தது. சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த மூலைதான் அவன் இடம். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மரத்தோடு உட்கார்ந்திருப்பான்.

டிசம்பரில் மறுபடியும் பட்டாளம் ரோட்டுக்கு வந்தது. தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்தி, சிப்பாய்ப் பையன்கள் சோற்று டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். ஒருவன் ஊர்மிளாவின் கத்திரிக்காய்ப் பொரியலை மோந்துவிட்டுச் சிரித்தான். பிரிஸ்பேனில் இருந்த மகேந்திராவுக்குச் சிரிப்பு வரவில்லை. இனி அந்த நாடு தேறாது, வீட்டை விற்றாயிற்று, மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று டெலிபோனில் சொன்னார். வாங்கியவன் வளவில் இரண்டு வாடகை வீடு கட்டப் போகிறானாம்.

ஊர்மிளா கலங்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஏழு வருஷமாக இந்த டெலிபோனுக்குத்தானே தயாராக இருந்தாள். நசினுவில் ஒரு அறையும் ஒரு நீளத் தாழ்வாரமும் உள்ள வீட்டைப் பார்த்தாள். தாழ்வாரத்தைக் காலால் அளந்து, எந்த வாளி எங்கே என்று ஷிவானியிடம் ஒப்பித்தாள்.

"கறிவேப்பில அந்தக் கோடியில. உங்க அப்பா நாற்காலி அதுக்குப் பக்கத்துல."

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், அவள் சட்டி பானையைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாசாமி நாற்காலியிலிருந்து கூப்பிட்டான்.

"ஏ, இங்க வாயேன்."

"இன்னா?"

"இந்த மரம் இங்கயே இருந்துட்டுப் போவட்டுமே."

ஊர்மிளாவுக்குக் காதில் விழுந்தது நம்ப முடியாமல் இருந்தது. "இன்னா சொன்னீங்க?"

"பெருசாயிடுச்சி. வண்டியில ஏறாது. அந்த வூட்டுக் கூரையும் தாழ்வு. ஒரு கன்னு வேணா எடுத்துக்கலாம்…"

"கன்னா? அன்னிக்கும் கன்னுதானே எடுத்துகினு வந்தோம்? மரத்த வுட்டுட்டு?" கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எப்படிங்க வாய் வருது? அது இன்னான்னு உங்களுக்குத் தெரியாதா? வாங்கனவன் அத வெட்டி வூடு கட்டுவான். நான் அவன மறுபடியும் வுட்டுட்டு வரணுமா?"

அவன் என்று அவள் சொன்னது இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அப்பாசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மழை பிடித்துக்கொண்டது. அவள் உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் கெரியர் ஓட்டுகிற கமலேஷ் தன் வண்டியைக் கொண்டுவந்தான். மஜீத்தும் ஸைராவும் உதவிக்கு வந்தார்கள். கட்டில், பீரோ ஏறின. பிறகு தோட்டம் ஏறியது. ஊர்மிளா வெறுங்காலோடு நின்று ஒவ்வொரு வாளியாகத் தூக்கிக் கொடுத்தாள். தூக்கின இடத்திலெல்லாம் கான்கிரீட்டில் வாளித் தண்ணீர் வடிந்த வட்டமான பழுப்புக் கறை. தெருப் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். அரைமணி நேரத்தில் ஒரு தோட்டம் வண்டிக்குள் போய்விட்டது. அவள் சொன்னபடியே ஆயிற்று. அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

கடைசியில் கறிவேப்பிலைக்கு வந்தார்கள். கமலேஷ் ஒரு பக்கம், ஊர்மிளா ஒரு பக்கம் வாளியின் விளிம்பைப் பிடித்தார்கள்.

வாளி அசையவில்லை.

"மண்ணு ஊறிப் போயிருக்குது. மஜீத் பாய், ஒரு கை கொடு" என்றான் கமலேஷ்.

மஜீத் நின்ற இடத்தில் நின்றான். அவன் அப்பாசாமியைப் பார்த்தான். அப்பாசாமி மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர்மிளா மறுபடியும் இழுத்தாள். வெயிலில் நைந்துபோயிருந்த பிளாஸ்டிக் மேலிருந்து கீழே கிழிந்து கையோடு வந்தது. உள்ளே மண் சரிந்தது. வாளிக்கு அடி இல்லை. அரிந்து எடுத்திருந்தது. அதற்குக் கீழே கான்கிரீட்டில் ஒரு தலையணை அகலத்துக்குக் குழி. உளியால் கொத்திய விளிம்பு. ஊர்மிளாவின் கை மணிக்கட்டு தடிமனில் வேர் அதற்குள் இறங்கிப் போயிருந்தது. அந்த மூலையில் மட்டும் பழுப்புக் கறை கிடையாது. ஏழு வருஷம் வளவைக் கூட்டியவளுக்கு அது கண்ணில் படவில்லை.

அவள் குந்தி உட்கார்ந்து அந்த வேரைத் தொட்டாள்.

"எப்போ?" என்றாள்.

"மூணாம் வருசம். நீ ஃபாக்டரிக்குப் போன ஒரு நாளு. மஜீத்துகிட்ட உளி வாங்கி…"

ஸைரா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். மஜீத் கூரையைப் பார்த்தான்.

"என்கிட்ட சொல்லணும்னு தோணல?"

"சொன்னா வுட்டிருப்பியா?" என்றான் அப்பாசாமி. "அது வாளிக்குள்ள செத்துகினு இருந்துச்சி, ஊர்மிளா. தெனமும் பாத்தேன். அன்னிக்கு ஆத்தங்கரையில கையில வெச்சிகினு நின்னேனே, அதே மாதிரி. ஒன்னும் பண்ண முடியாம. இன்னொரு தடவ என்னால நிக்க முடியல."

"அப்புறமாவது? ஊரெல்லாம் கூட்டி வெச்சி மோர் மோருன்னு சொன்னேனே, அப்ப சொல்லக் கூடாதா?"

"நீ அவ்ளோ சந்தோசமா சொன்னே. கெடுக்க மனசு வரல."

ஷிவானி மரத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பாதித் தமிழ்தான் புரியும், ஆனாலும் புரிந்தது. கமலேஷ் இரண்டு தப்படி பின்னால் போய், தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"கடப்பாரை இருக்கு, மாமி. வேரை வெட்டினா தூக்கிடலாம்."

"வெட்டினா பொழைக்குமா?" என்று கேட்டாள் ஊர்மிளா. அவனைக் கேட்கவில்லை, புருஷனைக் கேட்டாள்.

அப்பாசாமி கரும்பும் மரமும் பார்த்த ஆள். பொய் சொல்லியிருக்கலாம். இந்தத் தடவை சொல்லவில்லை. "பொழைக்காது" என்றான்.

ஊர்மிளா சரிந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, வேர் தெரியாமல் மூடினாள். அழுத்திவிட்டாள். கிழிந்த வாளியை எழுந்து ஓரமாக வைத்தாள். புருஷன்மேல் கோபம் இருந்தது, அந்தக் கோபத்தை வைக்க இடம் இல்லை. மண் இல்லாமலும் பிழைக்கலாம் என்று ஏழு வருஷம் நம்பினாளே, அந்த நம்பிக்கையும் பொய்யாய்ப் போயிற்று. மண்ணில்தான் பிழைத்திருக்கிறது, அவளுக்குத் தெரியாமல், இன்னொருத்தன் மண்ணில்.

அப்புறம் அவள் வேலிப்பக்கம் வந்து ஸைராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் கையிலும் மண்.

"ஸைரா, உனக்குக் கைராசி இல்லன்னு சொன்னேனே. உன் கை மேல தப்பு இல்லடி. என் வாளிக்கு அடி இல்ல."

ஸைரா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எதற்காக அழுகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மஜீத்தும் கமலேஷும் அப்பாசாமியைத் தூக்கி வண்டியின் முன்சீட்டில் வைத்தார்கள். ஷிவானி அவன் பக்கத்தில் ஏறினாள். ஊர்மிளா பின்னால் ஏறி, வாளிகளுக்கு நடுவில், கத்திரிச்செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் இந்தத் தடவை டின் எதுவும் இல்லை. அவள் கன்று எடுக்கவில்லை.

கமலேஷ் பின்கதவைத் தூக்கிச் சாத்திக் கொக்கி போட்டான்.

"எல்லாம் ஏறியாச்சா, மாமி?"

ஊர்மிளா கூரைக்கு மேலே தெரிந்த பச்சையைப் பார்த்தாள்.

"இல்லப்பா. ஒருத்தன் இங்கயே இருக்கறான். நீ வண்டிய எடு" என்றாள்.